டைம் அக்காவின் நாலு நிமிடம்

டைம் அக்கா யாரையும் நம்புவதில்லை. இதை அவளே வாய்விட்டுச் சொல்வாள். பால்காரர் காரணமில்லாமல் சிரித்தால் பாலை இரண்டு முறை முகர்ந்து பார்ப்பாள். கடைக்காரர் "அக்காவுக்குன்னே எடுத்து வச்சேன்" என்று நீட்டினால் அந்தப் பொட்டலத்தை மட்டும் வாங்க மாட்டாள். அடுப்பை அணைத்துவிட்டதாகக் கணவர் சொன்னால் போய்த் தொட்டுப் பார்ப்பாள். சில நாள் விரல் சுட்டிருக்கிறது. அப்போதும் "அணைச்சு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று விசாரணை நடக்கும்.

இந்தக் குணத்துக்கென்றே அளவெடுத்த மாதிரி ஒரு வேலையும் அமைந்தது. பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். ஊரின் நடுவே உள்ள நிலையத்தில் நாலடிக்கு மூன்றடி தகரக் கூண்டு அவளுடையது. வழியில் வந்து போகும் ஒவ்வொரு பஸ்ஸின் கண்டக்டரும் ஓடி வந்து டிரிப் ஷீட்டை நீட்டுவார். பஸ் புறப்படும் நேரத்தை அவள் அதிலும் தன் பெரிய புத்தகத்திலும் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். தாமதம் என்றால் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். டயர் பஞ்சர், ரயில்வே கேட், ஆடு குறுக்கே வந்தது. பதினாறு வருடமாக இந்த மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள், அவளும் ஒன்றையாவது நம்பியது கிடையாது.

"அந்த ரோட்டுல ஆடே கிடையாதேப்பா" என்பாள்.

"இன்னைக்குத்தான் வந்துச்சுக்கா."

நிலையத்தின் முகப்பில் ஒரு பெரிய கடிகாரம் உண்டு. அது நின்றுபோய் ஆறு வருடமாகிறது. கைபேசிகள் இன்னும் சட்டைப்பைகளுக்குள் வந்து சேராத காலம் அது. ஆக, அந்த நிலையத்தில் நேரம் என்றால் அக்காவின் கையில் இருப்பதுதான்.

கையில் இருந்தது மிக மலிவான குவார்ட்ஸ் வாட்ச். வெள்ளை முகம், கறுப்புக் கோடுகள், மெலிதான மூன்று முட்கள், கறுப்பு வார். பிஸ்கட்டின் கனம்கூட இருக்காது. மெலிதாகப் பார்த்து வாங்கியதற்கு அழகு காரணமில்லை. சீருடைச் சட்டையின் கைக்குள் முழுதாக ஒளிந்துகொள்ளும் என்பதுதான் காரணம். அதையும் மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பித்தான் கட்டுவாள். வெளிப்பக்கம் கட்டினால் டிரைவர்கள் எட்டிப் பார்த்து அதற்கேற்றபடி பொய் சொல்வார்களாம். மாதம் ஒரு முறை ரேடியோவில் மாலைச் செய்திக்கு முன் வரும் 'பீப்' சத்தத்துக்கு நொடி முள்ளைப் பன்னிரண்டில் நிறுத்திச் சரி செய்வாள். நொடி முள் பன்னிரண்டைத் தொடும்போது நிமிட முள் கோட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவளுக்குச் சோறு இறங்காது. வீட்டில் சுவர்க்கடிகாரம் மாட்டவிடவில்லை. ஒரு வீட்டில் இரண்டு கடிகாரம் இருந்தால் எதை நம்புவது என்பது அவள் கட்சி.

கணவர் தையல்காரர். முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறார். பஸ் ஏறினால் குமட்டும் என்பதால் தெருவைத் தாண்டுவதே அபூர்வம். பேச்சும் அளந்துதான். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவள் பேசுவாள், மெஷின் பதில் சொல்லும்.

அந்த வருடம் அவளுக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். காலையில் நின்றபடியே தண்ணீரில் அதை விழுங்கிவிட்டு நடையைக் கட்டுவாள். ஆறு பத்துக்கு வாசல் தாண்டினால்தான் நடந்து போய் ஆறரைக்குக் கூண்டைத் திறக்க முடியும். ஒரு சனிக்கிழமை கூண்டின் படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். "வெறும் வயித்துல மாத்திரை போடாதீங்கம்மா, உக்காந்து சாப்பிட்டுப் போடுங்க" என்றார் டாக்டர். அவரையும் அவள் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, "எல்லாருக்கும் இதையேதான் சொல்றாரு" என்று முடித்துவிட்டாள்.

அடுத்து வந்த திங்கட்கிழமை எல்லாம் ஆரம்பித்தது.

காலையில் குளித்துவிட்டு வந்து தையல் மேஜை மேல் கழற்றி வைத்திருந்த வாட்ச்சைப் பார்த்தாள். நேரம் மிச்சமிருந்தது. வேகமாகக் குளித்துவிட்டோம் போல என்று நினைத்து, உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டாள். கணவர் எதிரே உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். காலைப் பாட்டுக்கு ரேடியோ போடவில்லை, தலைவலி என்றார்.

கூண்டுக்குப் போனாள். பஸ்கள் வந்தன. முதல் பஸ் சரியான நேரம். இரண்டாவது சரியான நேரம். மூன்றாவது பஸ்காரன் வாழ்நாளில் நேரத்துக்கு வந்தவன் இல்லை, அவனும் சரியான நேரம்! கண்டக்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே ஷீட்டை வாங்கிப் போனான். அக்கா போகிற பஸ்ஸையே சந்தேகமாகப் பார்த்தாள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஏழு நாற்பது பஸ் வந்தது. அதன் டிரைவருக்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். முந்தவும் மாட்டான், பிந்தவும் மாட்டான். அவன் பஸ் வந்தால் எதிர்க் கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவார். அன்றைக்கு அது கிளம்பத் தயாரானபோது அக்காவின் வாட்ச்சில் ஏழு முப்பத்தாறு.

"நாலு நிமிஷம் முன்னாடி" என்று சிவப்பு மையில் எழுதினாள்.

நிதானமே இறங்கி வந்துவிட்டான். "அக்கா, மணி ஏழு நாப்பதுக்கா."

"என் வாட்ச்ல முப்பத்தாறு. நாலு நிமிஷம் நின்னு போ."

"இங்க நின்னா அடுத்த ஸ்டாண்டுல லேட்டுன்னு எழுதுவாங்களேக்கா!"

"அதெல்லாம் அங்க போய்ப் பேசு தம்பி."

கம்பெனிக்குத் தாமதம் பெரிய குற்றமில்லை. நேரத்துக்கு முன் கிளம்புவதுதான் குற்றம், ஓடி வரும் பயணிகள் நடுத்தெருவில் நிற்பார்கள். ஒரு மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் டிரைவரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி பஸ் கழுவும் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். செவ்வாயும் வியாழனும் நிதானம் அவள் சொன்னபடி நின்று பார்த்தான். அடுத்த நிலையத்தில் தாமதம் என்று எழுதினார்கள். புதனும் வெள்ளியும் நிற்காமல் போனான். மூன்று சிவப்பு ஆகிவிட்டது. அடுத்த திங்களே வண்டியை வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை விசாரணை என்று காகிதம் கொடுத்துவிட்டார்கள்.

இதற்கிடையில் மில் சங்கு வேறு. தினமும் காலை எட்டுக்கு ஊதும் சங்கு இப்போது ஏழு ஐம்பத்தாறுக்கே ஊதியது. அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. தொழிலாளிகளிடம் நாலு நிமிடம் பிடுங்கப் பார்க்கிறான் மில்காரன்! அந்தப் பக்கம் போன மில் தொழிலாளிகள் இரண்டு பேரிடம் "சங்கத்துல சொல்லுங்கப்பா" என்றுகூடச் சொல்லி வைத்தாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அவள் இவ்வளவு உறுதியாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு மாலையும் வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு ரேடியோவைப் போட்டால் செய்தி நேரமும் வாட்ச்சும் ஒன்றாகவே இருந்தன. வாட்ச் சரி. அப்படியானால் ஊர்தான் தப்பு.

செவ்வாய்க்கிழமை நிதானம் கூண்டுக்கு வந்தான். சீருடை இல்லாமல் பார்க்க யாரோ போல் இருந்தான். கெஞ்சுவான் என்று அவள் முகத்தைக் கல்லாக்கி வைத்துக்கொண்டாள். அவன் கெஞ்சவில்லை. தன் கை வாட்ச்சைக் கழற்றிப் பலகை மேல் வைத்தான். அதே வெள்ளை முகம், அதே கறுப்பு வார்.

"உங்க வாட்ச்சப் பாத்துத்தான்கா நானும் இதையே வாங்கினேன். அக்கா வாட்ச் தப்பாதுன்னு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க."

"உன் வாட்ச் உன் பேச்சைத்தானே கேட்கும்" என்றாள். இருந்தாலும் கழற்றி வைத்தாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின, நாலு நிமிட இடைவெளியில்.

"எனக்கு இந்த வேலைய விட்டா வேற ஒண்ணும் தெரியாதுக்கா. வண்டிய நேரத்துக்கு ஓட்டத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவன் தன் வாட்ச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன பிறகும் அவள் தன் வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். நொடி முள் பன்னிரண்டைத் தொட்டது. நிமிட முள் கோட்டின் மேல் இல்லை. இரண்டு கோடுகளுக்கு நடுவே அரைகுறையாக நின்றது. அவன் வாட்ச்சில் அது கோட்டின் மேல் இருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

அவள் வைத்தால் இப்படி வைக்கவே மாட்டாள். யாரோ முள்ளை நகர்த்தும் திருகைத் தொட்டிருக்கிறார்கள்!

உடம்பெல்லாம் எரிந்தது. கை கழுவப் போகும்போது வாட்ச்சைப் பலகையில் கழற்றி வைக்கும் வழக்கம் உண்டு. அப்போது பக்கத்தில் வருபவர்கள் யார் யார்? டீ கொண்டு வருகிறவர். பெருக்குகிறவள், அவள் நிதானத்துக்கு ஏதோ தூரத்து உறவு. சிரித்துக்கொண்டே போகும் மூன்றாவது பஸ் கண்டக்டர், அவன்தான் முதல் ஆள். அன்று முழுக்க அவள் யார் கண்ணையும் நேராகப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் எல்லாரையும் பார்த்தாள்.

புதன் காலை கூண்டைத் திறந்ததும் முதல் வேலையாக ஷீட் ஒட்டும் பசையைக் குண்டூசி முனையில் தொட்டு, வாட்ச்சின் ஓரத்துத் திருகு மேல் ஒரு பொட்டு வைத்தாள். யார் இழுத்தாலும் உடைந்துவிடும். காய்ந்து கண்ணாடி மாதிரி ஆயிற்று. அன்றைக்கு வாட்ச்சைக் கழற்றவே இல்லை. ஒற்றைக் கையால் கை கழுவினாள். சங்கு நாலு நிமிடம் முன்னால் ஊதியது. மாலை கூண்டைப் பூட்டும்போது பார்த்தாள். பசை அப்படியே இருந்தது.

வெற்றி! யாரும் தொடவில்லை. வாட்ச் யோக்கியம். பொய் சொல்வது சங்கும் நிதானமும்தான். வீடுவரை நிமிர்ந்து நடந்தாள். வாட்ச்சைத் தையல் மேஜையில் வைத்தாள், முகம் கழுவினாள், வந்து ரேடியோவைப் போட்டாள். 'பீப்.' வாட்ச் சரியாகக் காட்டியது.

சங்குக்கு நாலு நிமிடம் பின்தங்கிய வாட்ச், ரேடியோவுக்கு மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்? மில்லும் ரேடியோவும் ஒரே ஊரில்தானே இருக்கின்றன? விளக்கடியில் கொண்டுபோய்த் திருகைப் பார்த்தாள். பசை இரண்டாக உடைந்திருந்தது. விளிம்பில் தையல் சாக்பீஸின் நீலத் தூள்.

முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போதே கேட்டால் மழுப்பிவிடுவார். பதினாறு வருடமாக டிரைவர்களைப் பிடித்தவளுக்குக் கையும் களவுமாகப் பிடிக்கத் தெரியும். ஆனால் பால்காரர், டாக்டர், மில்காரன், சங்கு என்று எல்லோரையும் சந்தேகப்பட்டவள் இந்த ஒரு மனிதரை அடுப்பு விஷயத்தைத் தவிர வேறெதிலும் சந்தேகப்பட்டதில்லை. தன் வேலையைக் கெடுக்கப் பார்க்கிறாரா? நாலு நிமிடம் ஏன்? அந்த நாலு நிமிடத்தில் வீட்டுக்கு யார் வருகிறார்கள்? ஜாக்கெட் தைக்கக் கொடுத்த பெண்களை ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்த்தாள். அசிங்கமாக இருந்தது. இருந்தும் நினைத்தாள்.

வியாழன் காலை வழக்கம்போல வாட்ச்சைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கதவை ஒரு விரல் அளவு திறந்து, கண்ணை வைத்தாள்.

கணவர் எழுந்தார். வாட்ச்சை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் திருகை இழுத்தார், மெல்லத் திருப்பினார், அமுக்கினார். பொத்தான் தைக்கிற கவனம் அந்த முகத்தில். வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் அடுக்களைக்குப் போனார். முட்டையை உரித்தார். ரொட்டியைச் சூடு பண்ணித் தட்டில் வைத்து, ஆறாமல் மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்தார். அவளுடைய நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் டம்ளர், அதன் பக்கத்தில் மாத்திரை. பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஊசியையும் நூலையும் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

வாளி நிரம்பி வழிந்தது.

அவள் குளிக்காமலே வெளியே வந்தாள். "என்னங்க பண்றீங்க?"

அவர் ஊசியை விரலில் குத்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல."

"வாட்ச்ச என்ன பண்ணீங்க?"

விரலைச் சப்பினார். பிறகு வாழ்நாளிலேயே நீளமாகப் பேசினார். "எவ்வளவு கச்சிதமா அளவெடுத்தாலும் உள்ள கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்போம். பின்னாடி உடம்பு ஊதுனா பிரிச்சுவிட. நீ உன் நாள அப்படி விட்டுத் தைக்கவே இல்லம்மா. ஒட்ட வெட்டி வச்சிருக்க. எங்கயாவது ஒரு நாள் கிழியும். அதான் உள்ள ஒரு நாலு நிமிஷம் விட்டேன். நீ உக்காந்து சாப்பிடுறதப் பாக்கலாம்னு. சாயங்காலம் சரி பண்ணி வச்சிடுவேன்."

"பகல்ல? பகலெல்லாம் நான் அதப் பாத்துத்தானே எழுதுறேன்!"

"அங்கதான் முகப்புல அம்மாம் பெரிய கடிகாரம் இருக்கே? கல்யாணமான புதுசுல காட்டினியே."

"அது நின்னு ஆறு வருஷம் ஆச்சுங்க. இங்க பாருங்க, ஒருத்தன் வேலை போகப் போகுது."

அவர் முகம் வெளுத்தது. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது, அதே மூச்சில் அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்து முட்டையைத் தின்றாள். தின்றுகொண்டே அழுதாள். பிறகு வாட்ச்சை எடுத்துச் சரி செய்துகொண்டு கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை டிப்போவில் விசாரணை. மேனேஜர் மேஜை, ஒரு பக்கம் நிதானம், ஒரு பக்கம் அவள். அவள் புத்தகத்தைத் திறந்து வைத்தாள்.

"சார், டிரைவர் மேல தப்பில்ல. ஒன்பது நாளா என் வாட்ச் நாலு நிமிஷம் ஸ்லோ."

மேனேஜர் பேனாவை வைத்தார். கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும், அவள் தினமும் கூண்டிலிருந்து பார்க்கிற பார்வை.

"பதினாறு வருஷமா தப்பாத வாட்ச் இப்ப மட்டும் எப்படிம்மா தப்பும்? இவரு உங்கள வந்து பாத்தாரா?"

"பாத்தாரு சார்."

"ஓ. அழுதாரா?"

"இல்ல சார்."

"யாராவது வாட்ச்சத் தொட்டாங்களா?"

கணவர் செய்தது உதட்டு முனை வரை வந்தது. யார் மேல் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்கள் என்றும் தெரிந்தது. "என் கையில இருந்த வாட்ச் சார். நான்தான் பொறுப்பு."

மேனேஜர் சிரித்தார். நம்பவில்லை. டயர் பஞ்சர், ரயில்வே கேட், ஆடு என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று முதல் தடவையாக அவளுக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டு இப்படி நிற்பதைவிடப் பொய் சொல்லி மாட்டிக்கொள்வது எவ்வளவோ சுலபம்.

புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள். "இந்த ஒன்பது நாளையும் பாருங்க சார். இவரு வண்டியத் தவிர எல்லாப் பஸ்ஸும் கரெக்ட் டைம். ஒண்ணு விடாம." சற்று நிறுத்தினாள். "நம்ம பஸ்ஸு எல்லாம் கரெக்ட் டைமுக்கு வருமா சார்?"

மேனேஜர் பக்கங்களைப் புரட்டினார். இரண்டாவது பக்கத்தில் புருவம் உயர்ந்தது. மூன்றாவது பக்கத்தில், அந்த வாழ்நாள் தாமதக்காரனின் பெயருக்கு எதிரே 'சரியான நேரம்' என்று ஆறு முறை எழுதியிருந்ததைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "வராதும்மா" என்றார். "சத்தியமா வராது."

நிதானத்துக்கு வண்டி திரும்பக் கிடைத்தது. அவளுக்கு ஒரு மெமோ கிடைத்தது, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் மெமோ. வெளியே வந்ததும் நிதானம் அவள் கையைப் பார்த்தான்.

"யாருக்கா தொட்டது?"

"நீ போய் வண்டிய எடு தம்பி" என்றாள். "மன்னிச்சுக்க" என்பதை மெதுவாகச் சொன்னாள். அவனுக்குக் கேட்டிருக்கும்.

சனிக்கிழமை காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது கணவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வாட்ச்சிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார், பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி. வாட்ச்சை எடுத்துப் பார்த்தாள். நொடி முள் பன்னிரண்டைத் தொட்டது, நிமிட முள் கோட்டின் மேல் இருந்தது. கிளம்ப வேண்டிய நேரத்துக்கு ஒரு நிமிடம் பாக்கி. தட்டு கவிழ்த்து வைத்திருந்தது.

"நேரமாச்சு, நீ கிளம்பு" என்றார் அவர்.

அவள் வாட்ச்சைக் கட்டிக்கொண்டாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முட்டையைத் தின்று, ரொட்டியைத் தின்று, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அவர் நூல் கோத்து முடிக்கும்வரை பார்த்துவிட்டு எழுந்தாள்.

முதல் பஸ்ஸுக்கு முன்னால் கூண்டைத் திறந்துவிட்டாள். ஆனால் ஆறரை தாண்டியிருந்தது. பெரிய புத்தகத்தில் அன்றைய பக்கத்தின் முதல் வரியில், சிவப்பு மையில் எழுதினாள்: டைம் கீப்பர், நாலு நிமிடம் தாமதம். பேனா காரணக் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதினாள்: வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

எழுதியதைப் படித்துப் பார்த்தாள். வேறு யாராவது இதை எழுதிக் கொண்டுவந்திருந்தால் அவள் நம்பியிருக்கவே மாட்டாள்.